பகிடி என்று விட்டுவிடலாமா?

கடந்த காலபோக விதைப்புக்குச் சற்று முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து நாம் வாசலில் நின்றபோது ஒரு தாய் தன் பதினொரு வயது மகனின் கையைப் பிடித்தபடி வந்தார். "சுவாமி, இவனுக்கு ஒருக்கா தலையிலை கை வைச்சுச் செபியுங்கோ. காலமை எழும்பினால் வயித்துக்குத்து எண்டு சுருண்டு படுக்கிறான். பெரியாஸ்பத்திரிக்கும் கொண்டு போட்டன், பூச்சி மருந்தும் குடுத்தாச்சு" என்றார். பையன் எம்மைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

"ஞாயிற்றுக்கிழமையிலும் குத்துமோ?" என்று கேட்டோம். தாய் சற்று யோசித்தார். "இல்லைச் சுவாமி. சனி, ஞாயிறிலை துள்ளித் திரிவான்."

செபித்தோம். ஆனால் அந்த வயிற்றுக்குத்துக்கு மருந்து வேறெங்கோ இருக்கிறது என்பது எமக்கு அப்போதே விளங்கிவிட்டது. எப்படி விளங்கியது என்பதைப் பின்னர் சொல்கிறோம்.

அந்தக் குடும்பம் கமக்காரக் குடும்பம். சொந்தக் காணி இன்னும் கைக்கு வரவில்லை. போர் 2009இல் முடிந்துவிட்டதென்றாலும், தமது நிலத்துக்குத் திரும்பமுடியாமல் உறவினர் வளவுகளிலும் குத்தகைக் காணிகளிலும் காலந்தள்ளும் குடும்பங்கள் எம்மிடையே இருப்பது உங்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இவர்கள் இரணைமடுத் தண்ணீர் பாயும் ஒரு கிராமத்திலே, தெரிந்தவர் ஒருவரின் வளவு மூலையில் கொட்டில் போட்டிருக்கிறார்கள். கூரையின் ஒரு பக்கம் தகரம், மறுபக்கம் தறப்பாள்.

இரண்டு மூன்று தடவை வீட்டுக்குப் போய் வந்த பின்புதான் விடயம் வெளியே வந்தது. அதுவும் ஒரு செருப்பினால் வந்தது. ஒரே தவணையில் பையன் மூன்று சோடி செருப்பைத் தொலைத்துவிட்டான் என்று தாய் குறைபட்டார். தொலைத்ததற்காக அடித்ததாகவும் சொன்னார். தொலைந்தது எப்போதும் ஒற்றைச் செருப்பு. இரண்டு செருப்பையும் ஒருமிக்கத் தொலைக்கிற பிள்ளையைக் கண்டிருக்கிறோம். மூன்று முறையும் ஒற்றைச் செருப்போடு வீடு வருகிற பிள்ளை எதையும் தொலைக்கவில்லை. அவனிடமிருந்து யாரோ கழற்றி எறிகிறார்கள்.

அப்படித்தான் நடந்திருந்தது. பாடசாலை விட்டு வரும் வழியில் ஒரு மதகு இருக்கிறது. பெரிய வகுப்புப் பையன்கள் மூவர் அங்கே காத்திருப்பார்கள். அதுவரை அவர்களுடைய புத்தகப் பைகளை இவன் சுமந்து வரவேண்டும். மதகடியில் பையை இறக்கியதும் ஒரு செருப்பு வாய்க்காலுக்குள் போகும். தண்ணீர் ஓடுகிற காலமென்றால் செருப்பும் ஓடிவிடும். அவனுக்கு அவர்கள் இட்ட பெயர் "தறப்பாள்". வகுப்பிலும் அந்தப் பெயர்தான். இடாப்புக் கூப்பிடும்போது அவனுடைய பெயர் வந்தால் பின்வாங்கிலிருந்து தறப்பாள் காற்றில் அடிக்கிற சத்தத்தை ஒருவன் வாயால் எழுப்புவானாம். எல்லோரும் சிரிப்பார்கள். ஆசிரியரும் ஒருநாள் சிரித்துவிட்டார் என்று பையன் சொன்னான். எட்டு மாதமாக நடந்ததை எல்லாம் சொன்ன அவன், அந்தச் சிரிப்பைச் சொல்லும்போதுதான் அழுதான்.

தகப்பனுக்கு இது கொஞ்சம் தெரிந்திருந்தது. ஒருநாள் பையன் சொல்லத் தொடங்கியபோது அவர் சொன்ன மறுமொழி: "நாங்கள் வந்திருந்த இடம். கிணத்துத் தண்ணி அவையின்ரை. வாயைப் பொத்திக்கொண்டு இரு." மதகடியில் நிற்கும் மூவரில் ஒருவன் வளவுக்காரரின் மருமகன்.

தகப்பனைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. இந்த மறுமொழி எம் குடும்பங்களில் எத்தனை பேருடைய வாயிலிருந்து வந்திருக்கும் என்பதை நாம் அறிவோம். எமது தகப்பனாரும் இதையேதான் சொன்னார்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்த சனத்தோடு நாமும் நடந்தோம். அடுத்த வருடம் வன்னி. பின்னேரப் பாடசாலை. காலையில் ஊர்ப்பிள்ளைகள் படித்த அதே வாங்குகளில் மத்தியானத்துக்குப் பிறகு நாங்கள். கொஞ்சநாளில் சிலரைக் காலை வகுப்புகளோடு சேர்த்தார்கள். அங்கே எமக்குக் கிடைத்த பெயர் "நிவாரணம்". பெயர்தானே என்று நினைப்பீர்கள். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பாடத்துக்கும், தண்ணீர் குடிக்கப் போனாலும், பந்தடிக்கப் போனாலும் அந்தப் பெயர். முதல் மாதம் சிரித்தோம். இரண்டாம் மாதம் அடித்தோம், பதிலுக்கு நன்றாக வாங்கினோம். மூன்றாம் மாதம் எமக்கும் காலையில் வயிறு குத்தத் தொடங்கியது. "ஞாயிற்றுக்கிழமையிலும் குத்துமோ" என்ற கேள்வி எந்தப் புத்தகத்திலும் படித்ததல்ல.

பகிடி எங்கள் நாளாந்த வாழ்வோடு கலந்த சொல். பகிடி இல்லாத அரிவுவெட்டும் இல்லை, செத்தவீடும் இல்லை. முகாம்களில் மனம் பேதலிக்காமல் எம்மைக் காப்பாற்றியதில் பகிடிக்கும் பங்குண்டு. ஆகவே பிள்ளைகள் ஒருவரையொருவர் சீண்டுவதையெல்லாம் குற்றமாக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பல்கலைக்கழகங்களில் நடப்பதற்கு எம் மொழியிலே 'பகிடிவதை' என்று ஒரு பெயர் இருக்கிறது. பகிடியையும் வதையையும் ஒட்டிவைத்த அந்தப் பெயரை வைத்தவர் யாராயினும் கூர்மையான ஆள். 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் ஒரு தமிழ் மாணவன், மூத்த மாணவர்கள் கட்டாயப்படுத்திச் செய்வித்த கடும் உடற்பயிற்சிகளால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தான். அதற்கும் முதலில் பெயர் பகிடிதான். அடுத்த ஆண்டு, கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் வேறு வன்முறைகளையும் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது.

பகிடி எங்கே முடிகிறது, வதை எங்கே தொடங்குகிறது? இதை நீண்டகாலம் ஆராய்ந்தவர் நோர்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஒல்வேயுஸ். 1982இன் பிற்பகுதியில் நோர்வேயின் வடக்கே சிறுவர் மூவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். சகமாணவர் கொடுத்த கடுந்தொல்லையே பெரும்பாலும் காரணம் என்று தெரியவந்தபோது அந்த நாடே அதிர்ந்தது. 1983இல் அங்கு பாடசாலைகளிலெல்லாம் இதற்கெதிரான இயக்கம் தொடங்கப்பட்டது. ஒல்வேயுஸ் கூறிய அடையாளங்கள் எளிமையானவை. தொல்லை வேண்டுமென்றே செய்யப்படும். ஒருமுறையோடு நில்லாமல் திரும்பத் திரும்ப வரும். செய்பவருக்கும் படுபவருக்கும் பலம் ஒத்திருக்காது. இந்த மூன்றாவதுதான் எமக்கு முக்கியமானது. பலம் என்றால் கைப்பலம் மட்டுமல்ல. கிணறு யாருடையது என்பதும் பலம். தகப்பனுக்கு உழவு இயந்திரம் இருப்பதும், எதிர்ப்பக்கத்தில் மூன்றுபேர் இருப்பதும், சரளமாய்ப் பேசத் தெரிவதும் பலமே. சம பலமுள்ள இருவர் சண்டை பிடித்தால் மாலையில் சேர்ந்து விளையாடுவார்கள். பதில் பகிடி சொல்லமுடியாதவன் மேல் விழுவதைப் பகிடி என்று சொல்லக்கூடாது.

கோழி வளர்ப்பவர்களுக்கு இன்னும் இலகுவாகச் சொல்லலாம். புதிய பேடு ஒன்றைப் பட்டப்பகலில் பழைய கூட்டுக்குள் விட்டுப் பாருங்கள். முதலில் ஒன்று கொத்தும். இரத்தம் கண்டவுடன் எல்லாம் கொத்தும். வழியில்லாத நெருக்கமான கூட்டில் அந்தப் பேடு செத்தும் போகும். அனுபவமுள்ள வீட்டுக்காரி என்ன செய்கிறாள்? இரவில் விடுகிறாள், தீனியை இரண்டு மூன்று இடத்தில் வைக்கிறாள், காயம் பட்டதை உடனே பிரித்தெடுக்கிறாள். "நீயும் திருப்பிக் கொத்தப் பழகு" என்று புதிய பேட்டுக்கு அவள் புத்தி சொல்வதில்லை.

நாமோ பிள்ளைக்கு அதைத்தான் சொல்கிறோம். எம்மிடம் மூன்று புத்திமதிகள் உண்டு. ஒன்று, "பொறுத்துக்கொள்". இன்னொன்று, "நீயும் திருப்பி அடி". மற்றது, "அவங்களோடை சேராதை". பொறுத்தவன் மேல் பாரம் கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. ஏனெனில் செய்பவருக்கு அதனால் நட்டமொன்றும் வருவதில்லை. திருப்பி அடிப்பவன் பலம் குறைந்தவனாதலால் தோற்கிறான், தோற்றபின் அதிபரிடம் அடிபிடிக்காரன் என்ற பெயரும் வாங்குகிறான். "சேராதை" என்பதோ எமக்கு விளங்காத புத்தி. அவனா போய்ச் சேர்ந்தான்? மூன்றும் பிள்ளைக்கு உணர்த்துவது ஒன்றையே: இது உன் பாடு, நீயே பார்த்துக்கொள். அதன் பிறகு பிள்ளை எமக்கு ஒன்றும் சொல்லமாட்டான்.

சொல்லாத பிள்ளையை எப்படி அறிவது? செருப்பைச் சொன்னோம். பொருள்கள் தொலைவதைக் கவனியுங்கள். பென்சில், கொப்பி, குடை, தண்ணீர்ப் போத்தல். கவலையீனம் என்று அடிக்குமுன் ஒருமுறை கேளுங்கள். கிட்டிய பாதை இருக்கச் சுற்றுப்பாதையால் வருகிறானா? பாடசாலையில் மலசலகூடம் போகாமல் அடக்கிக்கொண்டு, வீடு வந்ததும் ஓடுகிறாளா? காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லையா? ஆட்களில்லாத இடங்களில்தான் தொல்லை நடப்பதால் பிள்ளைகள் அந்த இடங்களைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். படுக்கையை நனைக்காத வயதில் திரும்ப நனைப்பது, காரணமில்லாமல் காசு கேட்பது, தங்கச்சிக்கு அடிப்பது, இவையெல்லாம் வெவ்வேறு குழப்படிகள் போலத் தெரியும். பெற்றோர் கூட்டத்துக்கு "அப்பா வரவேண்டாம், பெரியம்மா வரட்டும்" என்று சொன்னால் அதன் பின்னால் என்ன இருக்கிறதென்று பாருங்கள். அப்பாவின் கிழிந்த சாரத்தைப் பற்றியும் யாரோ ஏதோ சொல்லியிருப்பார்கள்.

இன்று கைத்தொலைபேசியும் சேர்ந்துவிட்டது. மதகடியில் முடிந்த விடயம் வட்ஸ்அப் குழுவில் இரவிலும் தொடர்கிறது. விழுந்து கிடக்கும்போது எடுத்த படம் ஊர் முழுக்கப் போகிறது. வீட்டில் ஒரே ஒரு தொலைபேசி இருந்து, அதைக் கண்டால் பிள்ளை முகம் மாறுமானால் அதுவும் ஓர் அறிகுறிதான். அப்படியானவற்றை அழித்துவிடாமல் வைத்திருங்கள், பின்னர் காட்டத் தேவைப்படும்.

இவை எல்லாவற்றிலும் பெரிய அறிகுறி, "இனிப் பள்ளிக்கூடம் வேண்டாம், நான் கூலிக்குப் போறன்" என்பது. எம் நாட்டில் பதினாறு வயதுவரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பவேண்டும் என்பது 2016இலிருந்து ஒழுங்குவிதி. ஆனாலும் இடைவிலகல் நடக்கிறது. அதற்கு வறுமை என்று காரணம் எழுதுகிறோம். எமது அபிவிருத்தி வேலைத்திட்ட அறிக்கைகளிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறோம், கொப்பியும் சைக்கிளும் கொடுத்திருக்கிறோம். சைக்கிள் கொடுத்தும் போகாத பிள்ளைகளைப் பற்றி நாம் கேட்காமல் விட்டுவிட்டோம். சைக்கிளின் காற்றைத் தினமும் யார் திறந்துவிடுகிறார்கள் என்று கேட்கவேயில்லை.

எமது பிழையைச் சொல்லத் தொடங்கிவிட்டதால் இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். சில வருடங்களுக்கு முன் பாடசாலையொன்றில் கொப்பி கொடுக்கப் போனோம். இடம்பெயர்ந்த குடும்பப் பிள்ளைகளுக்கு மட்டுமான உதவி அது. நாமே ஒலிவாங்கியைப் பிடித்து, "இடம்பெயர்ந்த பிள்ளைகள் எல்லோரும் எழும்பி முன்னுக்கு வாருங்கள்" என்று கூப்பிட்டோம். ஒரு சிறுமி எழும்பவில்லை. ஆசிரியை தோளைத் தட்டி எழுப்பினார். அவள் நடந்து வந்த நடையும், இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்த மற்றப் பிள்ளைகளின் முகங்களும் இன்றும் கண்ணுக்குள் நிற்கின்றன. நிவாரணம் என்று பட்டம் வாங்கிய நாமே மற்றவருக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டினோம். இப்போது பெற்றோரிடம் மாலையில் வீட்டிலே கொடுக்கிறோம். அந்த வகுப்பில் ஊர்ப்பிள்ளைகளுள் ஏழைகள் இருந்தால் அவர்களுக்கும் கொடுக்கிறோம், அதற்கென்று நன்கொடையாளரோடு வாதாடவும் செய்கிறோம்.

ஏனென்றால் ஊர்க்காரரின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இடம் கொடுத்தவர்கள் அவர்கள். கிணற்றுத் தண்ணீர் பங்கு போனது அவர்களுக்கு. கொட்டகையும் அரிசியும் வந்தது எமக்கு. இரவுச் சோற்றுக்கோப்பைக்கு முன்னால் பெரியவர்கள் அதைப் புறுபுறுத்திருப்பார்கள். பெரியவர்கள் சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள், பிள்ளைகள் மறுநாள் அதை மதகடிக்குக் கொண்டுபோவார்கள்.

எம் பக்கத்துச் சோற்றுக்கோப்பைக்கும் இது பொருந்தும். எம் பிள்ளைகள் எல்லோரும் கொத்து வாங்குகிற பக்கம் மட்டுமே என்று நினைக்கவேண்டாம். 1958, 1977 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து காடுவெட்டிக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை, நேற்று வந்த எம் பிள்ளைகளும் சேர்ந்து "தோட்டக்காட்டான்" என்று அழைத்ததை நாம் காதால் கேட்டிருக்கிறோம். அந்தச் சொல் அவர்கள் தாமாகக் கண்டுபிடித்ததல்ல. சாதியைக் குறித்த சொற்களும் அப்படியே. வாங்கில் யார் யாருக்குப் பக்கத்தில் இருப்பது, யாருடைய போத்தலில் தண்ணீர் குடிப்பது என்பவற்றிலே இன்றும் அது இருக்கிறது. இடம்பெயர்ந்து வரும்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோம் என்கிறோம், இதை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறோம். 1996இல் எம்மைப் பார்த்துச் சிரிப்பது கொஞ்சம் குறைந்தபோது, திக்கிப் பேசும் ஒரு பையனைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். நாமும் சேர்ந்து சிரித்தோம். சிரிக்கும் பக்கத்தில் இருப்பது அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

சிரிப்பவர்களைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கவேண்டும் என்று இப்போது எண்ணுகிறோம். பின்லாந்தில் கிறிஸ்ரினா சால்மிவல்லி என்ற ஆய்வாளர் 1996இல் இதை விளக்கமாக எழுதினார். வகுப்பிலே தொல்லை கொடுப்பவரும் படுபவரும் மட்டும் இல்லை. கூட நின்று பிடித்துக் கொடுப்பவர், சிரித்து ஊக்குவிப்பவர், பாராததுபோல் விலகுபவர், தடுப்பவர் என்று எல்லோருக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. எம் உறவுகள் பலர் வாழும் ரொறன்ரோவில் பாடசாலை முற்றங்களை நேரில் அவதானித்துச் செய்த ஓர் ஆய்வு 2001இல் வெளியானது. வேறொரு பிள்ளை குறுக்கே வந்தபோது, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் தொல்லை பத்து விநாடிகளுக்குள் நின்றுவிட்டதாம். எமக்கு இது வியப்பாகப் படவில்லை. எம்மை மீட்டதும் ஒரு மாணவன்தான். நாம் தங்கியிருந்த வளவுக்குச் சொந்தக்காரரின் மகன். அவன் யாருடனும் சண்டைக்குப் போகவில்லை. ஒருநாள் காலை தன் கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு வந்து எமது வாங்கில் இருந்தான். அவ்வளவுதான். அன்றிலிருந்து "நிவாரணம்" என்ற குரல் தேய்ந்தது.

ஆகவே, உங்கள் பிள்ளை தொல்லைப்படாத பிள்ளையாக இருந்தாலும் ஒன்று கேளுங்கள்: "உன்ரை வகுப்பிலை தனிய இருக்கிறது ஆர்?" மறுமொழி உடனே வரும். அந்தப் பிள்ளையோடு சேர்ந்து வீடுவரச் சொல்லுங்கள்.

உங்கள் பிள்ளையே படுகிறதென்றால், முதலில் கேளுங்கள். இடையில் புத்தி சொல்லாமல், "நீ என்ன செய்தனி?" என்று விசாரிக்காமல் கேளுங்கள். பின்பு ஒரு கொப்பியில் திகதி, இடம், நடந்தது, பார்த்தவர்கள் என்று எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் மூத்த பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். அதிபரிடம் போய் "என்ரை பிள்ளையைப் பகிடி பண்ணுகினம்" என்றால், "சின்னப்பிள்ளையள் விளையாட்டு" என்பார். "ஐந்தாம் திகதி, எட்டாம் திகதி, பதினோராம் திகதி, மதகடியில்" என்றால் அப்படிச் சொல்லமுடியாது. முதலில் வகுப்பாசிரியர், பின்பு அதிபர். தனியே போகப் பயமென்றால் இரண்டு மூன்று பெற்றோராகப் போங்கள். அதே பையன்களிடம் வேறு பிள்ளைகளும் படுவது அநேகமாக வெளிவரும். கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குப் பத்துப் பேராய்ப் போகிற நாங்கள் பாடசாலைக்கு மட்டும் ஏன் ஒற்றையாய்ப் போகவேண்டும்?

கேட்பதையும் திட்டமாகக் கேளுங்கள். பாடசாலை விடும் நேரத்தில் மதகடியில் ஒரு பெரியவர் நிற்கமுடியுமா, வாங்கு மாற்றமுடியுமா, இடைவேளையில் குழாயடியை யார் பார்ப்பது. செய்த பையன்களுக்கு அடிபோடச் சொல்லிக் கேட்கவேண்டாம். பலமுள்ளவன் பலமில்லாதவனை அடிக்கலாம் என்ற பாடத்தை அவர்கள் ஏற்கெனவே நன்றாகப் படித்துத்தான் இதைச் செய்கிறார்கள். ஒவ்வொருவராக, தனித்தனியே கூப்பிட்டுப் பேசுவதே நல்லது. கூட்டமாய்ப் பேசினால் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். இன்னொன்று, இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்க வைத்து "இனிச் சினேகிதர்" என்று அனுப்பிவிடும் வழக்கம் ஆசிரியர்களிடமும் உண்டு, எம்மைப்போன்ற குருக்களிடமும் உண்டு. சம பலமுள்ளவர்களின் சண்டைக்கு அது சரி. இங்கே, கைகுலுக்கிய பிள்ளை வெளியே போய், சொல்லிக் கொடுத்ததற்காகத் தனியாக வாங்குவான்.

ஆசிரியரே தொல்லை கொடுப்பவரானால்? பெரும்பாலான ஆசிரியர்கள் வசதியற்ற பாடசாலைகளில் மனச்சாட்சியோடு வேலை செய்பவர்கள், அவர்களை நாம் மதிக்கிறோம். ஆனால் மதிப்பு வேறு, பயம் வேறு. ஆசிரியர் அறைந்ததால் ஒரு காதின் கேட்கும் திறனை இழந்த மாணவனின் வழக்கில், 2021 பெப்ரவரியில் எமது உயர் நீதிமன்றம், அந்த ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் இழப்பீடாகக் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கும் ஒரு பிள்ளையும் பெற்றோரும் வாயைத் திறந்ததால் வந்தது. பாடசாலையில் தீர்வு இல்லையென்றால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்தத் தொலைபேசியிலிருந்தும் பேசலாம்.

நோர்வேயின் பேர்கன் நகரில் 1983 முதல் 1985 வரை சுமார் 2,500 மாணவர்களிடையே ஒல்வேயுஸ் தன் முறையைச் செய்துபார்த்தபோது தொல்லை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. பாதிதான். ஆசிரியரும் பெற்றோரும் மாணவரும் சேர்ந்து வருடக்கணக்கில் உழைத்தும் பாதி. ஒருநாள் பாடசாலைக்குப் போய்வந்துவிட்டு எல்லாம் முடிந்துவிட்டதென்று நாமும் நினைக்கக்கூடாது.

மதகடிப் பையனின் விடயத்தில் நாம் தாயோடு பாடசாலைக்குப் போனோம். தகப்பன் வரவில்லை. அதிபர் "விளையாட்டு" என்றுதான் தொடங்கினார். வகுப்பாசிரியை வெளியூரிலிருந்து வந்த இளம்பெண். கொப்பியை வாங்கி முழுவதும் வாசித்தார், ஒருநாள் தானும் சிரித்துவிட்டதாக அவராகவே சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து அவனோடு இரண்டு பையன்கள் சேர்ந்து வீடுவர ஒழுங்கு செய்தார். வளவுக்காரரிடம் நாம் போய்ப் பேசினோம். பேசுமுன் எமக்கே தயக்கம். அந்தக் குடும்பத்தை எழும்பச் சொல்லிவிட்டால் எங்கே கொண்டுபோய் வைப்பது? அவர் நெடுநேரம் பேசாமலிருந்தார். பின்பு, "மோட்டருக்கு வாற கரண்ட் காசைப் பற்றி நான்தான் சுவாமி வீட்டிலை கத்தினனான்" என்றார். மருமகனைக் கூப்பிட்டுப் பேசினாரா என்று எமக்குத் தெரியாது. மூவரில் இருவர் விட்டுவிட்டார்கள். ஒருவன் இன்னும் விடவில்லை.

சென்ற கிழமை தாய் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். மூன்று பக்கம் நிறைய எழுதியிருந்தது. நான்காம் பக்கத்தில் பன்னிரண்டு நாட்களுக்குத் திகதி மட்டும் இருந்தது. பதின்மூன்றாம் நாளுக்கு எதிரே "குடை" என்று எழுதியிருந்தார். திங்கட்கிழமைகளில் வயிறு இன்னும் கொஞ்சம் குத்துகிறதாம். மறுநாள் காலை ஆசிரியையிடம் போவதாகச் சொன்னார். இந்தமுறை தகப்பனும் வருகிறாராம். வயலுக்குத் தண்ணீர் கட்டுகிற வேலையைப் பக்கத்து வயற்காரரிடம் சொல்லிவிட்டிருக்கிறாராம்.